திரைச்சீலையும் நாட்காட்டிப் படமும்: மரபு சாராக் கலைகள் பற்றிய ஓர் ஆய்வு

கலைகளை மரபுவழிக் கலை, மரபு சாராக் கலை என இரண்டாகப் பகுத்து ஆராயும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பரதம், தெருக்கூத்து, தோற்பாவைக் கூத்து முதலியன முன்னதில் அடங்கும். பிறநாட்டார் தொடர்பால் வந்த காட்சித்திரை நாடகம், எண்ணெய் வண்ண ஓவியம், அச்சுப் படம் ஆகியன பின்னதில் ஒதுக்கப்படும். இப்பகுப்பு ஆராய்ச்சிக்கு வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது ஒரு கலையின் இயல்பைக் கூறுகிறதா, அன்றி அக்கலைமீது பிறர் வழங்கிய தீர்ப்பைக் கூறுகிறதா என்பது ஆராயத்தக்கது. தீர்ப்பையே கூறுகிறது என்பது என் கருத்து. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் நிலப்பரப்பிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன.

எட்டயபுரத்தை முதற்கண் நோக்குவோம். முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, பின்னர் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். கருவி ஐரோப்பாவினது, அதன் சுருதி கூட்டும் முறை மாறியது, நின்று வாசிக்கும் நிலை மாறி, அமர்ந்து அதன் தலைப்பைக் காலில் ஊன்றி வாசிக்கும் நிலை வந்தது. இன்று வயலின் இல்லாத இசையரங்கு இல்லை. அதனை மரபு சாராக் கருவி என்பார் எவரும் இலர்.

ஆர்மோனியத்திற்கு இந்நல்லூழ் வாய்க்கவில்லை. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. கல்கத்தாக் கைவினைஞர் அதனைக் கையால் துருத்தி இயக்கும் கருவியாக மாற்றினர். தமிழ் நாடக மேடை அதனை ஆர்வத்துடன் ஏற்றது. செங்கோட்டை கிட்டப்பா (1906–1933) பாடிய மேடைகளில் அவர் உடன்பிறந்தார் காசி ஐயரின் ஆர்மோனியம் ஒலித்தது. ஆயினும் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அவ்விலக்கு பல ஆண்டுகள் நீடித்தது. கமகத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது வலுவான காரணமே. அதனை மறுத்தல் இயலாது. எனினும் வயலினைப் புரந்தது அரசவை என்பதும், ஆர்மோனியத்தைப் புரந்தது சீட்டு வாங்கிக் கொட்டகைக்கு வந்த கூட்டம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

மூன்றாவது பொருள் காட்சித் திரை. தமிழ் நாடக வரலாறு எழுதியோர் அதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து தெற்கே வந்த பார்சி நாடகக் குழுக்கள் வண்ணத் திரைகளையும் அவற்றிற்கேற்ற மேடை அமைப்பையும் நமக்குக் காட்டின. அக்குழுக்களுக்கோ அவை ஆங்கில மேடையிலிருந்து கிடைத்தவை. எனவே இது இரு கை மாறி வந்த பொருள். இவ்விடத்தில் நம் அறிஞர் சிலர் சிலப்பதிகார அரங்கேற்று காதையை எடுத்துக்காட்டி, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்பன அன்றே இருந்தமையால் திரை நமக்குப் புதிதன்று என்பர். இவ்வாதம் பொருந்தாது. எழினி மறைப்பதற்கு உரியது. பார்சி மேடை தந்த திரையோ காட்டுவதற்கு உரியது. பெயர் ஒப்புமை கொண்டு தொடர்ச்சி நாட்டுதல், அயற்பொருள் என்று தள்ளுதலைப் போலவே ஆராய்ச்சிக்கு இடையூறாகும்.

தமிழ் மேடை அத்திரையை எவ்வாறு ஆண்டது என்பதே கேட்கத்தக்க வினா. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வெண்பா, விருத்தம் முதலிய யாப்புகளையும் பார்சி மெட்டுகளையும் ஒரே நாடகத்துள் அமைத்தார். அவர்தம் நாடகங்களை இன்றளவும் நடத்தும் ஸ்பெஷல் நாடக முறையில், வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி நடிப்பர். கதையும் பாட்டும் அவர்க்குப் பொது. அவற்றைப் போலவே தெரு, காடு, அரண்மனை எனச் சில திரைகளும் பொது. காட்டுத் திரை இறங்கிய அளவிலேயே வள்ளியின் தினைப்புனம் அவையோர்க்குப் புலனாகிவிடும். ஆசிரியன் அதனை வருணிக்க வேண்டுவதில்லை. பார்சி மேடையில் கண்ணைப் பறித்த வேடிக்கைப் பொருள், ஈண்டுச் சுருங்கிய குறியாயிற்று. சில நிலங்களைக் கொண்டே எல்லா நிகழ்ச்சிகளையும் அடக்கும் இம்முறை அகத்திணை கற்றோர்க்கு முதற்பொருளை நினைவூட்டக்கூடும். ஆயின் திணை மரபின் எச்சமே இது என்று கூறின் மிகையாகும். ஒத்திகையில்லாத நாடகத்தின் தேவை அத்தகைய குறிகளைப் பிறப்பித்தது என்பதே சாலும்.

இனி, திரையிலிருந்து அச்சுப் படத்திற்கு வருவோம். சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து வண்ணார்பேட்டைக்குள் நுழைவோர், கடைகளின் கல்லாவிற்கு மேலே மாலையிட்ட தெய்வப் படங்களைக் காண்பர். (ஐரோப்பியப் பொறியியல் முறைப்படி வளைவுகள் அமைத்து 1843இல் கட்டி முடிக்கப்பெற்ற அப்பாலத்தை எவரும் மரபு சாராப் பாலம் என்று கூறக் கேட்டிலேன்.) அப்படங்களுள் பலவற்றின் மூலம் கோவில்பட்டியைச் சாரும். சென்னையிற் பிறந்து அங்குள்ள ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976), சிலகாலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் வாழ்ந்து, பின்னர் நாடகக் குழுவொன்றில் திரை எழுதுபவராயினார். 1940களின் தொடக்கத்தில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா முதலிய மாணாக்கர் அவரைச் சூழ்ந்தனர். தீப்பெட்டித் தொழிலால் வளர்ந்த சிவகாசி அச்சகங்கள் அவர்கள் எழுதியவற்றை நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் அனுப்பின. இக்குழுவினரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் ஸ்டீவன் இங்கிலிஸ் என்னும் மேனாட்டு அறிஞர். நம் தமிழ்த்துறைகள் அல்ல.

இப்படங்களை இரவிவர்மாவின் (1848–1906) மலிவான நகல் என்று ஒதுக்குவார் உளர். அவர் அளித்த எண்ணெய் வண்ண நெறியும், அவர் நிறுவிய அச்சகம் பரப்பிய படங்களும் இதற்கு முன்னோடி என்பது மெய். ஆனால் கோவில்பட்டிப் படத்தின் அமைப்பு வேறு. இரவிவர்மாவின் கதைமாந்தர் பலர் ஒருவரை ஒருவர் நோக்குவர், அல்லது எங்கோ நோக்குவர். கோவில்பட்டித் தெய்வமோ பெரும்பாலும் நம்மையே நேர்நோக்கி நிற்கும். ஆயுதமும் முத்திரையும் ஆகம நெறி வழுவாமல் இருக்கும். அதன் பின்னேயோ மலையும் அருவியும் தூண்வரிசையும் மேனாட்டு முறைப்படி தொலைவு காட்டி அகன்று செல்லும். முன்னே கருவறை, பின்னே நாடகத் திரை. ஒரே தாளில் இரண்டு கண்நெறிகள் முரணாமல் நிற்பது தற்செயலன்று; மேடையில் அவையோரை நோக்கிப் பாடும் நடிகனும் அவன் பின்னே தொங்கும் காடும் இவ்வாறே நின்றனர். ஆண்டு முடிந்ததும் நாளைக் கிழித்த பகுதி குப்பைக்குப் போக, படம் கண்ணாடிச் சட்டத்துள் பூசைக்குப் போயிற்று. வழிபாட்டிற்கு உரியதாகாத எதுவும் அவ்விடத்தை அடையாது.

குறையும் உண்டு. எல்லாத் தெய்வங்கட்கும் ஏறக்குறைய ஒரே கன்னம், ஒரே புன்னகை. மாணாக்கர் கைக்கு வந்தபோது இனிமை மிகுந்து உறுதி தளர்ந்தது. நான் இவற்றை உயர்ந்த ஓவியம் என்று வாதிடவில்லை. இலக்கணமுடைய ஓவியம் என்றே கூறுகிறேன்.

பிலிப்பைன்சு நாட்டு அறிஞர் இச்சிக்கலை எதிர்கொண்ட முறை ஒப்புநோக்கத்தக்கது. 1565 முதல் 1898 வரை ஸ்பானியரும் பின்னர் அமெரிக்கரும் ஆண்ட அந்நாட்டில் மேடையும் ஓவியமும் பெரிதும் அயலார் வழி வந்தவை. ஸ்பானிய இசை நாடகமான சர்சுவேலாவை ஏற்றுக்கொண்ட அவர்கள், 1902இல் செவெரினோ ரெயெஸ் இயற்றிய ‘வலாங் சுகாத்’ நாடகத்தில் அதே வடிவத்தைத் தகலோகு மொழியில் ஸ்பானியர் கொடுமையைக் காட்டப் பயன்படுத்தினர். 1994இல் அந்நாட்டுப் பண்பாட்டு மையம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பழங்குடி மரபு, ஸ்பானிய மரபு, அமெரிக்க மரபு எனப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் மரபே, எதுவும் மரபின் வெளியே தள்ளப்படவில்லை. அங்கே அயல்வரவு அரசாணையோடு வந்தது. இங்கே திரையும் படமும் சந்தை வழியாக, விரும்பிக் காசு கொடுத்தோர் கைவழியாக வந்தன. அவ்வாறு விரும்பி ஏற்றதை மரபன்று என்பதற்கு நமக்குக் கூடுதல் காரணம் வேண்டும்.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. நாடகப் பனுவல்களை நூலகங்கள் காத்தன. பனுவலோடு ஒட்டி வாழ்ந்த திரைகளைக் காப்பார் இன்மையின் பல மக்கிப்போயின. அச்சேறிய பின் மூல ஓவியத்தைப் பேணும் வழக்கமும் பரவலாக இல்லை. 1986இல் மாவட்டம் பிரிந்தபின் கோவில்பட்டியும் எட்டயபுரமும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தன. ஆராய்வோர்க்குத் தொலைவு கூடிவிடவில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களின் காட்சிக் குறிப்புகளைத் தொகுத்து, எஞ்சிய திரைகளோடும் சிவகாசிப் பழைய நாட்காட்டிகளோடும் ஒப்பிட முதுகலை மாணவர் முன்வரின், எந்தத் திரையின் எந்த மலை எந்தத் தெய்வத்தின் பின்னே சென்று அமர்ந்தது என்பதை இன்றும் கண்டறிதல் கூடும்.