மெட்டலுக்கு ஒரு காயில் போதும்

ஹெவி மெட்டலின் முதல் ஆல்பம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் 'பிளாக் சப்பாத்' 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அதைப் பதிவு செய்யப் போனபோது குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 'விக்கட் வேர்ல்ட்' பாட்டு முடிந்ததும் அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பழுதாகிவிட, உபரியாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்து மற்றப் பாட்டுகளை வாசித்தார். அந்த எஸ்ஜியில் பி-90 பிக்கப். ஸ்ட்ராட்டில் இருந்ததும் சிங்கிள் காயில், பி-90யும் சிங்கிள் காயில். மெட்டல் பிறந்ததே அங்கேதான்.

திருவனந்தபுரத்தில் கிட்டார் பழகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. வீட்டில் முதன்முதலாக வாங்கித் தருவது பெரும்பாலும் மூன்று சிங்கிள் காயில் வைத்த ஸ்ட்ராட் வகைதான். "இதுல மெட்டல் வராது, ஹம்பக்கர் மாத்து" என்று, அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்பைப் போடு என்று, கொஞ்ச நாளிலேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள். வரும். வருவது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அந்த வேறு மாதிரியைக் காது பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எதையும் வாசிக்காமல் கேளுங்கள். கிட்டாரை ஆம்பில் செருகி, டிஸ்டார்ஷனை ஏற்றி, கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் நிற்கும். காந்தத்தைச் சுற்றிய ஒற்றைச் சுருள், கம்பியின் அதிர்வோடு அறையில் இருக்கும் மின்சாரத்தையும் சேர்த்து வாங்குகிறது. ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், பழைய டியூப்லைட் சோக், கரண்ட் போனதும் ஓடத் தொடங்கும் இன்வெர்ட்டர் எல்லாம் அதில் கலக்கும். கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் பெருகும், ஒரு திசையில் அடங்கும். அடங்கும் திசையில் நின்று வாசிப்பதே முதல் பாடம். பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முந்தையது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இசையில் அது ஏறக்குறைய ஜி ஸ்வரம்; அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜிக்குச் சற்று மேலே நிற்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இரைச்சலின் சுருதியே வேறு. அந்த ஆல்பம் பதிவான இங்கிலாந்தில் நம்மைப் போலவே 50. இப்போது அதே ஆல்பத்தின் 'பிளாக் சப்பாத்' பாட்டின் தொடக்க ரிஃப்பைக் கேளுங்கள். ஜி, மேல் ஜி, பிறகு சி ஷார்ப். கர்நாடகக் காதுக்குச் சொன்னால் ச, மேல் ச, பிரதி மத்யமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே இருக்கும் அந்த அமைதியின்மையைக் கல்யாணி, பூர்விகல்யாணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அயோமி அதை மூன்றே ஸ்வரமாக்கி, மெதுவாக, தனியே நிறுத்திவிட்டார். நம் வீட்டு மின்சாரம் கிட்டத்தட்ட அந்தப் பாட்டுக்கே சுருதி பிடிக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கரை உருவாக்கினார். எதிரெதிராகச் சுற்றி, காந்த முனையையும் மாற்றி வைத்த இரண்டு சுருள்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். ஆனால் கம்பியை இரண்டு இடத்தில் ஒரே சமயம் பிடிப்பதால் உச்சத்து நுணுக்கங்களில் சில கரைந்துவிடும். ஒலி தடிக்கும். சிங்கிள் காயிலில் பிளெக்ட்ரம் கம்பியில் உரசும் 'சிக்' வரைக்கும் காதில் விழும்.

இதை உறுதிசெய்துகொள்ள 'மெஷின் ஹெட்' (1972) ஆல்பத்தில் ரிச்சி பிளாக்மோர் 'ஹைவே ஸ்டார்' பாட்டில் ஸ்ட்ராட்டில் வாசிக்கும் சோலோவைக் கேளுங்கள். அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கிறது. யங்வீ மால்ம்ஸ்டீனும் ஸ்ட்ராட்காரர்தான். ஆனால் அவர் பல ஆண்டுகள் வைத்திருந்த டிமார்சியோ எச்எஸ்-3, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் அடுக்கிய பிக்கப். பார்வைக்கு ஒற்றை, உள்ளே இரட்டை. அவரைக் காட்டி சிங்கிள் காயிலுக்கு வாதாடுவது சரியாக இருக்காது.

வாசிப்பவர்கள் எல்லோருமே தடுக்கி விழும் இடம் கெயின். ஒலி மெலிதாக இருக்கிறதே என்று அதை முழுக்கத் திருப்புவார்கள். இரைச்சல் ஏறும், பவர் கார்டு குழையும். கெயினைப் பாதிக்கு இறக்கி மிட்டை ஏற்றுங்கள். கனம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பில் டோன் குமிழை ஏழுக்கு இறக்கினால் குத்தும் கூர்மை மட்டும் போகும். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்று இருந்தால் டிரைவைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்திலும் லெவலை மேலேயும் வையுங்கள். அது அடித்தொண்டையை வெட்டி நடுக்குரலை முன்னே தள்ளும். அயோமி அன்று லேனி ஆம்புக்கு முன்னால் டிரெபிள் பூஸ்டர் வைத்துத் தள்ளியதும் ஏறக்குறைய இதே வழிதான். பிக்கப்பைக் கம்பிக்கு அருகே உயர்த்தலாம், ஆனால் அளவோடு. மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியை இழுக்கும், சுருதி தள்ளாடும்.

நம் பக்கத்தில் கேட்பதற்கு நிறையவே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் கேயாஸ் குழு 2013இல் வெளியிட்ட 'வயலண்ட் ரிடெம்ப்ஷன்' கச்சிதமான த்ராஷ் மெட்டல். கொச்சியின் மதர்ஜேன் 2008இல் தந்த 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கம்பியை இழுத்துக் கமகமாகவே வாசிக்கிறார். கமகத்தைத் தொடர எனக்கு எப்போதும் மெல்லிய, விளிம்பு தெரியும் ஒலியே பிடிக்கும். சிங்கிள் காயில்காரர்கள் வாசித்துப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

த்ராஷில் ஸ்வரத்தைவிட அது நிற்கும் இடம் முக்கியம். உள்ளங்கையால் கம்பியை அடக்கி (பாம் மியூட்) நான்கு அடி, பிறகு சட்டென்று வெறுமை. ஹம்பக்கரில் அந்த வெறுமை தானாகக் கிடைக்கும். சிங்கிள் காயிலில் இரைச்சல் உடனே வந்து அதை நிரப்பிவிடும். நாய்ஸ் கேட் பெடல் அதை அடைக்கும், ஆனால் நீளும் ஸ்வரத்தின் வாலையும் சேர்த்து நறுக்கும். அதனால் பழகியவர்கள் வலது கைச் சுண்டுவிரலை வால்யூம் குமிழிலேயே வைத்திருப்பார்கள். ஸ்ட்ராட்டில் அந்தக் குமிழ் கம்பிகளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இதற்கு வசதி. திருவனந்தபுரத்தின் மானவீயம் வீதியிலோ கல்லூரி மேடையிலோ யாராவது ஸ்ட்ராட்டில் மெட்டல் வாசித்தால், இடது கையின் வேகத்தில் மயங்காமல் அந்தச் சுண்டுவிரலைக் கவனியுங்கள்.