ஹூரோன் கிறிஸ்துமஸ் பாடல்: ஒரு மதிப்பீடு

தூர தேசத்திற்குச் செல்லும் மிஷனெரி மொழியைக் கற்றுக்கொள்கிறார். உணவையும் உடையையும்கூட மாற்றிக்கொள்கிறார். பண்டிகை ஒன்றுதான் எளிதில் மாறுவதில்லை. டிசம்பர் மாதம் வந்ததும் சொந்த ஊரின் மணியோசையும், சிறுவயதில் பாடிய பாட்டும் அவரைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பாட்டை அந்நிய மண்ணில் அவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்து அவருடைய இறையியலை ஓரளவு கணித்துவிடலாம். சுதேசமயமாக்கலைப் பற்றி எழுதுவோர் இதற்குச் சிறந்த சான்றாகக் கனடா நாட்டு 'ஹூரோன் கிறிஸ்துமஸ் பாடலை' எடுத்துக்காட்டுவது வழக்கம். சான்று நல்லதுதான், ஆனால் அவர்கள் காட்டுவது பெரும்பாலும் வேறொரு பாடல் என்பதே நாம் இங்கு கூற விழைவது.

பிரெஞ்சுக்காரர் ஹூரோன் என்று அழைத்த மக்கள் தங்களை வெண்டாட் என்றே அழைத்துக்கொண்டனர். அவர்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு ழான் தெ பிரெபெஃப் (1593–1649) ஏறத்தாழ 1642இல் இப்பாடலை வெண்டாட் மொழியில் இயற்றினார் என்பது மரபு. மெட்டு 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாடல் ஒன்றினுடையது. அவருடைய சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி அதே காலத்தில் மதுரையில் இருந்தார் என்பதை நினைவில் கொள்வது நலம். இருவர் முன்னும் இருந்த வினா ஒன்றே.

இன்று ஆங்கிலத் திருச்சபைகள் பாடுவதும், சீர்திருத்த சபைகளின் ஞானப்பாட்டு நூல்கள் பல அச்சிட்டிருப்பதும் 1926இல் டொரண்டோ நகரப் பத்திரிகையாளர் ஜெஸ்ஸி எட்கர் மிடில்டன் எழுதிய பாடமாகும். அதில் குழந்தை இயேசு மரப்பட்டைக் குடிலில், முயல்தோலில் சுற்றப்பட்டுக் கிடக்கிறார். மேய்ப்பருக்குப் பதிலாக வேடர் வருகின்றனர். ஞானிகளுக்குப் பதிலாகத் தூரதேசத் தலைவர்கள் நரித்தோலும் பீவர்த்தோலும் கொண்டுவருகின்றனர். கடவுளின் பெயர் 'கிச்சி மானிட்டு'. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றுள் ஒன்றும் வெண்டாட் மூலத்தில் இல்லை. கிச்சி மானிட்டு என்பது அல்கோன்கிய மொழிகளின் சொல். வெண்டாட் மொழியோ இரோக்குவாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்க் கீர்த்தனை ஒன்றில் கடவுளைச் சந்தாலி மொழிப் பெயரால் அழைத்துவிட்டு, எல்லாம் இந்தியாதானே என்று சமாதானம் சொல்வதை இது ஒக்கும். வெண்டாட் மக்கள் நெடிய பொதுவீடுகளில் பல குடும்பங்களாகக் கூடிவாழ்ந்து, சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்ட வேளாண் மக்கள். மிடில்டன் அவர்களைக் கானக வேடராக மட்டும் கண்டார். அவருடைய பாடலில் பண்டிகை கொண்டாடுவது வெண்டாட் மக்கள் அல்லர்; அவர்களைப் பற்றி டொரண்டோ நகரம் கொண்டிருந்த கற்பனையே.

மூலத்தை ஜான் ஸ்டெக்லி போன்ற மொழியறிஞரின் துணைகொண்டு வாசித்தால் வேறோர் உலகம் தெரிகிறது. காட்சி அலங்காரம் அங்கு மிகக் குறைவு. மனிதரே, திடன்கொள்ளுங்கள், இயேசு பிறந்தார், நம்மைச் சிறைப்பிடித்திருந்த ஆவி ஓடிப்போயிற்று, அதற்குச் செவிகொடாதீர்கள் என்று பாடல் தொடங்குகிறது. வானுலகத்தார் செய்தி கொண்டுவருகின்றனர். நட்சத்திரத்தைக் கண்டு மூப்பர் மூவர் புறப்படுகின்றனர். வந்து சேர்ந்தவர்கள் குழந்தையின் தலையில் பலமுறை எண்ணெய் தடவுகின்றனர். வெண்டாட் வழக்கில் அது மரியாதைச் செயல். வேதாகமம் அறிந்தோர் செவிக்கு 'அபிஷேகம்' என்றும் ஒலிக்கும். (எண்ணெய் முழுக்கின்றிப் பண்டிகை விடியாத நம் நாட்டில் இவ்வரிக்கு அடிக்குறிப்பே வேண்டியதில்லை.) உள்ளூர்ப் பொருள்களை அடுக்கிக் காட்டாமல், உள்ளூர்ச் செயல் ஒன்றினால் நற்செய்தியின் நடுப்பொருளைச் சொல்லும் முறை இது.

இவ்வளவு மொழியறிவு எளிதில் வந்ததன்று. வெண்டாட் மொழியில் இதழ் இயைந்து ஒலிக்கும் ப, ம போன்ற ஒலிகள் இல்லை. பிரெபெஃப் என்ற பெயரையே அவர்களால் சொல்ல இயலாமல் 'எக்கோன்' என்றனர். அதைவிடப் பெரிய இடர் உறவுப்பெயர்களில் இருந்தது. யாருடைய தந்தை என்று சொல்லாமல் 'தந்தை' என்ற சொல்லை அம்மொழியில் உச்சரிக்கவே முடியாது. எந்தை, நுந்தை, தந்தை என்று மூவிடத்திற்கும் வேறுவேறு சொற்கள் கொண்டிருந்த பழந்தமிழைப் பயின்றோருக்கு இது விளங்கும். திரியேக நாமத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எங்ஙனம்? 'எங்கள் பிதா, அவருடைய குமாரன், அவர்களுடைய பரிசுத்த ஆவி' என்று சொல்லலாமா என்று 1636ஆம் ஆண்டு அறிக்கையில் பிரெபெஃப் தம் மேலாளரைக் கேட்கிறார். 'அவர்களுடைய' என்ற சொல்லில் மேற்றிசைச் சபைக்கும் கீழ்த்திசைச் சபைக்கும் இடையேயுள்ள பழைய வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை இறையியல் மாணவர் உடனே உணர்வர். ஓர் இலக்கண விதிக்கு முன்னால் கோட்பாட்டை நிறுத்திப் பார்க்கத் துணிந்த காலத்தின் பயிர் இப்பாடல்.

எனினும் மூலத்தைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. சிறைப்பிடித்திருந்த ஆவி என்னும் முதல் வரி உறுத்துகிறது. 1634 முதல் 1640 வரை அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்கள், இறுதியாகப் பெரியம்மை, வெண்டாட் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொண்டுபோயின. நோய் ஐரோப்பியரோடு வந்தது. கருப்பு அங்கி அணிந்த குருமார் சூனியம் செய்கின்றனர் என்று பலர் ஐயுற்றனர். அந்நிலையில், உங்களைப் பிடித்திருந்தது உங்கள் பழைய ஆவியே என்று பண்டிகைப் பாட்டில் சொல்லுவது எளிய ஆறுதல் அன்று. அதில் உண்மையான நற்செய்தியும் இருந்தது, தாக்குதலும் இருந்தது. நோயில் தம் முன்னோரையும் பிள்ளைகளையும் ஒருசேர இழந்தவருக்கு இவற்றுள் எது கேட்டது என்பதைப் பாடலை இயற்றியவரின் நல்லெண்ணத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. மிடில்டனின் பாடத்தில் இந்த உறுத்தல் அறவே இல்லை. அதனாலேயே அது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அதனாலேயே அது இலேசானதாகவும் இருக்கிறது.

வெண்டாட் கிறிஸ்தவர்கள் அப்பண்டிகையைத் தங்களுடையதாகவே ஏற்றனர் என்பதற்கு 1640களின் இயேசு சபை அறிக்கைகளில் சான்று உண்டு. மாட்டுக்குடிலை நினைந்து கேதுரு, தேவதாரு மரக்கிளைகளால் சிறு ஆலயம் கட்டினர். இரண்டு நாள் நடைத்தொலைவில் இருந்தவர்களும் பனியில் கூடிப் பாடினர். 1649 மார்ச் மாதம் இரோக்குவாய்ப் போரில் பிரெபெஃப் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே மிஷன் நிலையமாகிய செயின்ட் மரியைக் குருமார் தாங்களே தீயிட்டுவிட்டு நீங்கினர். நாடு சிதறியது. எஞ்சியோரில் சிலர் கியூபெக் அருகே சென்று, இறுதியில் லொரெட்டில் குடியேறினர். அங்கே அவர்கள் பாடக்கேட்டு 18ஆம் நூற்றாண்டில் ஒரு குரு எழுதிவைத்த பாடமே நமக்குக் கிடைத்திருப்பது. பிரெபெஃபின் கையெழுத்துப் பிரதி எதுவும் இல்லை. நாட்டையும் பயிர்நிலத்தையும் இழந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை வாய்வழியே காத்தனர். ஆதலால் இப்பாடலை மிஷனெரியின் சாதனை என்று மட்டும் கற்பிப்பது நேர்மையாகாது.

இதைத் தமிழில் பாட விரும்புவோர் உண்டு. அவர்கள் மிடில்டனை விட்டு மூலத்தின் பொருளிலிருந்து தொடங்கட்டும். முயல்தோலைத் தமிழாக்குவது எளிது. முதல் வரியிலுள்ள ஆவியைத் தமிழாக்குவதற்குத்தான் பல நாள் பிடிக்கும்.