விளிம்பில் இல்லாத இருநூறு பேர்

வீடூர் அணையில் மதகைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் வானூர்ப் பக்கம் 'லஸ்கர்' என்பார்கள். "லஸ்கரைக் கேட்டுட்டு வாடா, தண்ணி எப்ப விடுறாங்கன்னு" என்று தாத்தா அனுப்புவார். அது அவருடைய பேரா, வேலையா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. பல வருடம் கழித்து அதே சொல்லை 1808இல் நடந்த ஒரு கடற்சண்டையின் பதிவுகளில் பார்த்தேன். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஐரோப்பியக் கப்பல்களில் உழைத்த ஆசிய மாலுமிகளைக் குறித்தது.

அந்த வருடம் மார்ச் 6ஆம் தேதி, கம்பெனியின் மூன்று வணிகக் கப்பல்களை மடக்க வந்த 'பியமோந்தேஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலை, குமரிமுனைக் கடலில் 'சான் பியோரென்சோ' என்ற ஆங்கிலக் கப்பல் எதிர்கொண்டது. இரண்டும் ஃப்ரிகேட்டுகள், அதாவது வேகத்துக்காகக் கட்டப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல்கள். மூன்று நாள் துரத்தலும் சண்டையுமாகப் போய், 8ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆங்கிலேயர் தரப்பில் 13 பேர் இறந்தார்கள், கேப்டன் ஹார்டிஞ்சும் அதில் ஒருவர். பிரெஞ்சுக் கப்பலில் இறந்தவர்கள் 48 பேர்.

இந்தச் சண்டைக்குப் பதக்கம் உண்டு. 1793 முதல் நடந்த கடற்போர்களுக்காக 1847இல் பிரிட்டன் அறிவித்த கடற்படைப் பொதுச்சேவைப் பதக்கம். ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை, மறுபக்கம் கடற்குதிரைமேல் அமர்ந்த பிரிட்டானியா. எந்தச் சண்டை என்பதை ரிப்பனில் கோத்த வெள்ளிப் பட்டை சொல்லும். வாங்கியவரின் பெயர் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்தப் பதக்கத்தை ஒரு பிரதியாக வாசித்தால் முதலில் அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்கு முன்பு இந்தப் போர்களுக்கு அரசு தந்த தங்கப் பதக்கம் அட்மிரல்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டும்தான். இங்கே பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்த பையனுக்கும் அதிகாரிக்கும் ஒரே வெள்ளி. விளிம்பில் பெயர் பொறிப்பது சின்ன விஷயமில்லை. சாதாரண மாலுமி ஒருவன் வரலாற்றில் எழுத்தாக நிற்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

ஆனால் ஒரு பிரதி யாரை விடுகிறது என்பதும் அதன் பொருள்தான். பதக்கம் வேண்டுமென்றால் உயிரோடிருந்து விண்ணப்பிக்க வேண்டும். சண்டை முடிந்து நாற்பது வருடம் ஓடிவிட்டது. அறிவிப்பு காதில் விழாதவன், எழுதத் தெரியாதவன், எங்கோ துறைமுகத்தில் முடங்கியவன் எல்லாம் சல்லடையில் நின்றுபோனார்கள். போர்க்கப்பல்களில் இருந்த பெண்கள் சிலர் விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டது.

அந்தச் சல்லடைக்குக்கூட வராதவர்கள் 'பியமோந்தேஸ்' கப்பலில் இருந்தார்கள். அதில் 366 பிரெஞ்சுக்காரர்களோடு ஏறக்குறைய 200 லஸ்கர்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. பிடிபட்ட கப்பல்களிலிருந்து கொண்டுவந்து, பாய் கட்டவும் இறக்கவும் வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். மூன்று நாள் அந்தக் கப்பல் தப்பி ஓடியது அவர்கள் கைவலிமையில். அவர்கள்மேல் குண்டு வந்ததோ அவர்களுக்குப் பகையே இல்லாத ஒரு கப்பலிலிருந்து. பிரெஞ்சுக்காரர்கள் துல்லியமாக 366, இவர்கள் 'ஏறக்குறைய'. அந்த ஒரு சொல்லில்தான் முழு விமர்சனமும் இருக்கிறது.

இதை ஆங்கிலேயனைத் திட்டுவதற்காக எழுதவில்லை. போன வருடம் ஒரு மென்பொருள் வெளியீடு முடிந்து, நன்றி மின்னஞ்சல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினோரு பேரைப் பெயர் சொல்லி எழுதினேன். ராத்திரி முழுக்க விழித்திருந்து சோதித்த ஒப்பந்த ஊழியர்களை 'மற்றும் சோதனைக் குழுவினர்' என்று முடித்தேன். மறுநாள் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாங்க எத்தன பேருன்னு தெரியுமாண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய ஆறு பேர் என்றேன்.