வாள் இல்லாத ராஜராஜன்

கடந்த சில வருடங்களில் ராஜராஜ சோழன் பொம்மைகள் பெருகிவிட்டன. கார் டேஷ்போர்டில் ஒட்டுகிற தங்கநிற ஃபைபர் பொம்மை, நவராத்திரி கொலுவுக்கு வருகிற காகிதக்கூழ் பொம்மை, முப்பரிமாண அச்சில் எடுத்து வர்ணம் பூசாமலே விற்கிற ரெசின் உருவம்னு மூணு வகை. மூணும் என்னிடம் இருக்கிறது. ரெசின் உருவங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதால், அவற்றை மாதக்கணக்கில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததில் எழுந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை: இவற்றில் நிற்பது எந்த ராஜராஜன்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரெசின் உருவங்களின் வேலைத்திறன் பத்து வருடத்துக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. 75 மி.மீ. உயரத்தில் விரல் நகம் தெரிகிறது, வேட்டியின் மடிப்பு தெரிகிறது. நம்ம ஊர் ராஜா ஒருவருக்கு இந்த அளவு கவனம் கிடைப்பதே சந்தோஷம்தான்.

ஆனால் மூணு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாத்தா, எல்லாம் ஒரே ஆள். ஒரு கால் முன்னே, கையில் உருவிய வாள், மார்பில் உலோகக் கவசம், தோளில் காற்றில் பறக்கிற துணி, முறுக்கு மீசை, நெரித்த புருவம். வயது முப்பதுக்கு மேல் போகாது. கீழே பீடத்தில் பெயர் இல்லையென்றால் இவரைப் பாண்டியன் என்றோ பல்லவன் என்றோ சொல்லி விற்கலாம். யாரும் மறுக்க முடியாது. எங்கள் துறையில் இதை டீஃபால்ட் வேல்யூ என்போம். தகவல் தராத இடத்தில் சிஸ்டம் தானாகப் போட்டுக்கொள்வது.

தகவல் உண்மையிலேயே இல்லையா? இதைப் பார்க்க ஒரு வெளிநாட்டு ராஜாவை ஒப்பிடுவது உதவும். சிறு உருவம் சேர்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் வேர்விட்ட காலத்திலேயே அதில் நின்றவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் (1712–1786). நியூரம்பர்க்கில் ஹில்பெர்ட் என்ற தகரவேலைக் கைவினைஞர், மன்னர் உயிரோடு இருந்த 1770-களிலேயே அவரைத் தட்டையான வெள்ளீய உருவமாக வார்த்தார். இன்றும் ஃபிரெடரிக் உருவம் வாங்கிப் பெயிண்ட் அடிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் நீலக் கோட்டின் மடிப்பு எந்தச் சிவப்பு, பொத்தான் எத்தனை, தொப்பி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். சண்டை போட ஆதாரம் இருக்கிறது. மன்னர் அணிந்த சீருடை பெர்லினில் இருக்கிறது. இறந்தபின் முகத்தில் எடுத்த அச்சு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அடால்ஃப் மென்சல் என்ற ஓவியர் அந்தப் படையின் சீருடைகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து பல நூறு தாள்களில் வரைந்து வைத்தார்.

அவ்வளவு இருந்தும் சினிமா விடவில்லை. 1920-களில் தொடங்கி ஓட்டோ கெபூர் என்ற நடிகர் படத்துக்குப் படம் ஃபிரெடரிக்காக நடித்தார். ஒரு தலைமுறை ஜெர்மானியருக்கு மன்னரின் முகம் என்றால் கெபூரின் முகம்தான். 1942-ல் போர் நடந்துகொண்டிருக்கும்போது நாஜி அரசு அதே நடிகரை, அதே மன்னராக, ‘மாமன்னர்’ என்ற அர்த்தம் வருகிற தலைப்பில் திரும்பக் கொண்டுவந்தது. ராஜாவின் உருவம் எவ்வளவு சுலபமாக அடுத்தவன் வேலைக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் அங்கே கோட்டும் முக அச்சும் மிச்சம் இருந்ததால், பிறகு வந்த பொம்மைக்காரர்கள் திரும்பிப் போய்ச் சரிபார்க்க ஒரு இடம் இருந்தது.

நமக்கும் அந்த இடம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினால் மன்னார்குடி வழியாகப் போய் இறங்கிவிடலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டுவந்தார். அதில் இரண்டு உருவங்களை ராஜராஜன், கருவூர்த் தேவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. படத்துக்குக் கீழே பெயர் எழுதப்படவில்லை. ஆகவே அந்த அடையாளம் ஊகம்தான். இன்னொரு காட்சியில் தில்லைக் கூத்தனை ஓர் அரசர் தேவியரோடு வழிபடுகிறார். அதையும் ராஜராஜன் என்றே பலர் கொள்கிறார்கள். பெயர் விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று மாறாது: அந்த ஓவியர்கள் தங்கள் காலத்து அரசரை வரையும்போது திறந்த மேனி, மெல்லிய துணி, நகைகள், கட்டிய கூந்தல் என்றுதான் வரைந்தார்கள்.

இரண்டாவது ஆதாரம் இன்னும் வலுவானது. பெரிய கோயிலின் ஸ்ரீகாரியமாக இருந்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டு வரை தான் கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டில் பட்டியல் போட்டிருக்கிறார். சம்பந்தர், அப்பர், சுந்தரர், பரவை நாச்சியார் இவர்களோடு பெரிய பெருமாள், ஓலோகமாதேவி என்று இரண்டு பெயர் வருகிறது. பெரிய பெருமாள் என்பது ராஜராஜன்தான் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. ஒவ்வொரு திருமேனியின் உயரமும் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து, இத்தனை முழம், இத்தனை விரல் என்று பதிவாகி இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: ராஜராஜன் ஆட்சியிலேயே அவருடைய சிறு உருவம் ஒன்று செய்யப்பட்டு, அளக்கப்பட்டு, கல்லில் ஆவணப்படுத்தப்பட்டது. மினியேச்சர் விற்கிற கம்பெனிகள் இன்று பெட்டியின் மேல் மில்லிமீட்டர் போடுகிறார்களே, அது ஆயிரம் வருடத்துக்கு முன்னாடியே இங்கே நடந்திருக்கிறது.

அந்தத் திருமேனிகள் பின்னாளில் கோயிலை விட்டுப் போய்விட்டன. 2018-ல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அரசர், அரசி இணையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தது. கல்வெட்டில் வருபவர்கள் இவர்களே என்றுதான் வரவேற்பு கொடுத்தார்கள். மாற்றுக் கருத்து சொன்னவர்களும் உண்டு. அரசர் உருவம் சுமார் 74 செ.மீ. வாள் இல்லை, கவசம் இல்லை. கைகூப்பி நிற்கிறார்.

பெயர் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம் என்பவர்கள் கோனேரிராஜபுரம் போகலாம். அங்கே செம்பியன் மாதேவியார் தன் கணவர் கண்டராதித்தருடைய உருவத்தைச் சுவரில் செதுக்க வைத்து, இவர் இன்னார் என்று கல்வெட்டும் பொறிக்க வைத்தார். ராஜராஜனுக்கு இரண்டு தலைமுறை முந்தைய அரசர், பெயர்ச்சீட்டோடு. அவர் செய்வது லிங்கத்தை வணங்குவது. இந்தத் தோரணை சோழரோடு முடியவும் இல்லை. தஞ்சை அரண்மனையில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிலையைப் பாருங்கள். அவரும் கைகூப்பித்தான் நிற்கிறார்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானது. ராஜராஜன் போர் செய்யாத சாமியாரா? இல்லை. அவருடைய மெய்க்கீர்த்தி முழுக்கப் போர்தான். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, ஈழம் என்று வென்ற இடங்களின் பட்டியல். அவர் படைகள் போன இடங்களில் மக்கள் பட்டதை நாம் மறக்கவும் கூடாது. ஆக, வாளை எடுத்துவிட்டால் ராஜாவை வெள்ளையடித்த மாதிரி ஆகாதா?

என் பதில் இது. சோழ அரசு தன்னைச் சொல்ல இரண்டு வழி வைத்திருந்தது. சொல்லில் வெற்றியைச் சொன்னது. உருவத்தில் வணக்கத்தைக் காட்டியது. மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் போகும். உருவம் கோயிலுக்குள் இறைவன் முன்னால் நிற்கும். கைகூப்புவதும் சாதாரண அடக்கம் கிடையாது. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிவிட்டு, அதில் அறுபத்துமூவரில் சிலர் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் பிடிப்பது என்பது வாள் வீசுவதைவிடப் பெரிய அதிகாரக் காட்சி. இன்றைய பொம்மை இந்த நுட்பத்தைத் தொலைத்துவிட்டது. கோபமான முகம் வலிமைக்கு மலிவான குறியீடு. அவருடைய ஆட்சியை ஆழமாகப் பார்த்த யாருக்கும் அந்தக் குறியீடு தேவைப்படாது.

வாள் வந்த வழியையும் ஓரளவு தொடரலாம். 1950-லிருந்து 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்கள் அருள்மொழிவர்மனுக்கு ஓர் உருவம் கொடுத்தன. அழகான படங்கள். ஆனால் அவை ஓர் இளவரசனின் படங்கள். அந்த நாவல் அவன் முடிசூடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பிறகு 1973-ல் சிவாஜி நடித்த ராஜராஜ சோழன், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். 2022, 2023-ல் மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள். பொம்மை செய்பவர்கள் இந்த இளவரசனை எடுத்து, பீடத்தில் பெரிய கோயில் கட்டிய மாமன்னர் என்று எழுதுகிறார்கள். ராஜராஜன் அரியணை ஏறியது 985. பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 1010. இடையில் 25 வருடம். அந்தக் கலசம் கொடுத்தவருக்கு நரை இருந்திருக்கும், தொந்திகூட இருந்திருக்கலாம். அந்த வயதில் ஒரு ராஜராஜன் உருவம் இன்றுவரை நான் கடையில் பார்க்கவில்லை.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் தவறு கையால் தொடுகிற மாதிரி தெரியும். பொழுதுபோக்குப் பெயிண்டுகளில் தோல் நிறம் என்று விற்கப்படுவது, உதாரணமாக டாமியாவின் எக்ஸ்எஃப்-15 ஃபிளாட் ஃபிளெஷ், வெள்ளைக்காரர் தோலின் நிறம். ஃபிரெடரிக்குக்குச் சரி. பெட்டிப் படத்தைப் பார்த்து அதையே அடிப்பதால் நம்ம ராஜராஜன் பெர்லினில் பிறந்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். பழுப்பு, காவி, கொஞ்சம் கறுப்பு கலந்து அடியில் பூசி, மேலே காவி கூட்டிக்கொண்டே போனால் டெல்டா வெயிலில் நிற்கிற ஒரு மனிதர் வருவார். துணிக்கும் அதே விதி. உள்சுற்று ஓவியங்களில் அடிப்படையாக இருப்பவை சுண்ணாம்பு வெள்ளை, கரி, காவி, மஞ்சட்காவி, பச்சை மண். கண்ணைப் பறிக்கிற ஊதாவும் பளபளக்கும் சிவப்பும் திரைப்படத் துணிக்கடையிலிருந்து வந்தவை.

நகைக்கு ஆதாரம் இன்னும் செழிப்பு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நகைகளை ஆடவல்லான் என்ற கல்லாலும், மணிகள் பதித்தவற்றைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். ஏகாவல்லி, ஸ்ரீசந்தம், பட்டிகை, சூடகம் என்று பெயர் பெயராக வருகிறது. முத்துகளில் மட்டும் வட்டம், அநுவட்டம், ஒப்பு முத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று அத்தனை வகை. இவை இறைவனுக்குக் கொடுத்த நகைகள், அரசர் போட்டுக்கொண்டவை அல்ல. ஆனாலும் அந்தக் காலத்து நகைக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. 8 மி.மீ. முத்து 75 மி.மீ. உருவத்தில் ஏறத்தாழ 0.35 மி.மீ. புள்ளியாகும். நுனித் தூரிகையில் ஒரு தொடல். சில புள்ளிகளில் துளி நீலம், சிலவற்றில் துளி சிவப்பு கலந்தால் குளிர்ந்த நீரும் சிவந்த நீரும் வந்துவிடும். கவசத்துக்குச் செலவாகும் உலோகப் பெயிண்டை மிச்சம் பிடித்து இதைச் செய்யலாம்.

பொம்மைதானே, இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். ஐப்பசி சதயம் நெருங்கும்போது எங்கள் பக்கம் சுவரொட்டிகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு சாதிச் சங்கமும் தன் ராஜராஜனை அச்சடிக்கிறது. எல்லாவற்றிலும் அதே வாள், அதே மீசை, அதே முகம். பக்கத்தில் இருக்கும் தலைவர் படம் மட்டும் மாறுகிறது. யாருக்கும் சொந்தமில்லாத டீஃபால்ட் முகம் என்பதால்தான் எல்லாரும் சுலபமாகச் சொந்தம் கொண்டாட முடிகிறது. கோபமாக வாள் பிடித்தவரைப் போஸ்டரில் நிறுத்தினால், பார்ப்பவன் யாருக்கு எதிராக என்று தானாக நிரப்பிக்கொள்வான். கைகூப்பிய வயதான மனிதரை வைத்து அதைச் செய்வது கஷ்டம். சின்ன வயதில் கொலுப்படியில் எந்த உருவத்தைப் பார்க்கிறோமோ அதுதான் பெரியவர்களான பின் வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த வகையில் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை ராஜா நேர்மையானவர். பெயர் சொல்வதில்லை, யாரையும் மிரட்டுவதில்லை.

ரெசின் உருவம் வடிவமைக்கும் இளைஞர்களிடம் கேட்பது மூணே விஷயம். வயதை ஐம்பதுக்குக் கொண்டுபோங்கள். கவசத்தைக் கழற்றுங்கள். வாள் பிடித்த கைக்குப் பதில் கூப்பிய கைகளை மாற்று உதிரிபாகமாகவாவது பெட்டியில் போடுங்கள். அதுவரை என் மாதிரி ஆட்கள் மணிக்கட்டை அறுத்து, எபாக்ஸி புட்டியில் கைகளைப் பிசைந்துகொண்டிருப்போம். பத்து விரலும் சேர்ந்து நிற்க இரண்டு ராத்திரி ஆகிறது. வாளைவிட அது செய்யக் கஷ்டமான வேலை.