திறந்த பலகையும் மூடிய பெயரும்

தன் மின்சுற்று வரைபடத்தையும் உறுப்புகளின் பட்டியலையும் வெளியிட்டு, அவற்றை எவரும் கற்கலாம், மாற்றலாம், செய்து விற்கலாம் என உரிமம் வழங்கும் கணினிப் பொருளையே திறந்த மூல வன்பொருள் என்கிறோம். இதனைப் பற்றிய எழுத்துகளிற் பெரும்பாலன பாராட்டுரைகளாகவே அமைந்துவிடுகின்றன. விலை மலிவு, அறிவு பொதுவுடைமையாகிறது, நுகர்வோன் ஆக்குவோனாகிறான் என்பன அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள். இவற்றுள் எது நிற்கும், எது நில்லாது என்பதை ஆர்டுயினோ என்னும் பலகையை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். பொறியியல் அறியாத கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். அப்பலகை எங்கே பிறந்தது என்பதே அதற்கு விடை.

ஆர்டுயினோ பொறியியற் பீடமொன்றிற் பிறந்ததன்று. தட்டச்சு யந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஒலிவெற்றி நிறுவனத்தின் ஊரான வட இத்தாலிய இவ்ரேயாவில், வடிவமைப்புக் கல்விக்கென இயங்கிய நிறுவகமொன்றிலே அது உருவாயிற்று. ஓவியமும் வடிவமைப்பும் பயின்ற அங்குள்ள மாணவர் ஒரு விளக்கையோ மோட்டரையோ கணினியால் இயக்க விரும்பினால், அக்காலத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஏறத்தாழ 100 டொலர்வரை செலவிட வேண்டியிருந்தது. கொலம்பியாவிலிருந்து வந்து பட்டப்பின் படிப்பை மேற்கொண்டிருந்த எர்னாண்டோ பராகான் என்னும் மாணவர், 2003 இல் இக்குறையையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். ‘வயறிங்’ எனப் பெயரிட்டு ஒரு பலகையையும், அதற்குக் கட்டளையிடும் எளிய மொழியமைப்பையும் ஆக்கினார். அவருடைய ஆய்வேடு 2004 இல் நிறைவுற்றது. மேற்பார்வையாளர்கள் மாசிமோ பான்சியும் கேசி றீஸும் ஆவர்.

2005 இல் பான்சியும் வேறு சிலரும் வயறிங்கை அடியாகக் கொண்டு, அதனிலும் மலிவான சில்லொன்றைப் பொருத்தி, தனித் திட்டமொன்றைத் தொடங்கினர். ஊரிலிருந்த மதுச்சாலையின் பெயரே அதற்கு இடப்பட்டது. (பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட ஆர்துயின் என்னும் அரசன் நினைவாக அமைந்த பெயர் அது, மன்னன், மதுச்சாலை வழியாக மின்பலகைக்கு வந்து சேர்ந்தான்.) ஆர்டுயினோவின் தாபகர் ஐவர் என்பது வழக்கு. அவ்வைவருள் பராகான் இல்லை.

விமர்சகன் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் இதுவே. சட்டப்படி இங்கே தவறேதும் நிகழவில்லை. வயறிங் திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டது. அதனை எடுத்து மாற்றுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆர்டுயினோவின் நன்றிக் குறிப்புகளிலும் அதன் பெயர் இடம்பெறுகிறது. ஆயினும், இன்று உலகெங்கும் ஆர்டுயினோ பயில்வோர் முதல் நாளிலே எழுதும் ‘செற்அப்’, ‘லூப்’, ‘டிஜிற்றல்றைட்’ ஆகிய சொற்கள் அம்மாணவரின் அமைப்பிலிருந்து வந்தவை. ஒரு மொழியை வழங்குவோர் அதனை ஆக்கியவனை மறப்பது இயல்பெனலாம். ஆனால் இம்மொழி நாட்டார் பாடல் போன்று கர்த்தா அறியப்படாததன்று. ஆய்வேடும் ஆண்டும் உடையது. பராகான் தம் தரப்பு வரலாற்றை 2016 இல் விரிவாக எழுதி வெளியிட்டார். திறந்த உரிமம் பெயர் குறிப்பிடுமாறு கேட்கிறது. உடன் அமர்த்துமாறு கேட்பதில்லை. ஆய்வேடு எழுதும் நிலையிலுள்ள நம்மைப் போன்றோர் இதனைப் பாராட்டுரைகளில் அறிய முடிவதில்லை.

இனி, பலகையின் திறந்த தன்மை வெறும் பேச்சா என்றால், அன்று என்றே கூறவேண்டும். 2010 இல் வெளியான ‘ஊனோ’ பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் மூளையான ஏ.ரி.மெகா 328 என்னும் சில்லு 28 கால்களுடன் ஒரு சொக்கற்றிற் செருகப்பட்டுள்ளது. தவறான இணைப்பினால் அது எரிந்துபோனால், பற்றாசுக் கோல் இன்றியே சிறு திருகாணிச் செலுத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, அதற்குரிய தொடக்க நிரலைக் கொண்ட வேறொன்றைச் செருகலாம். வரைபடத்தைப் பார்த்து, பலகையையே விலக்கி, அச்சில்லையும் பளிங்கு அலையியையும் சில கொள்ளளவிகளையும் கொண்டு அதே வேலையைச் செய்விக்கலாம். வாங்கிய பொருளை உடைத்தும் திருத்தியும் கற்க முடிகின்ற இவ்வுடைமை, மூடி முத்திரையிட்ட கைத்தொலைபேசியை வைத்திருப்பவனுக்கு இல்லை. எனினும் திறப்பு சில்லின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. சில்லின் உள்ளமைப்பு அதனை உற்பத்தி செய்யும் கம்பனிக்கே உரியது.

பெயரும் அவ்வாறே. வரைபடத்தை எவரும் பிரதி செய்யலாம்; ஆர்டுயினோ என்ற வர்த்தகக் குறியை இடலாகாது. ஆகவே பிரதி வேறு, போலி வேறு. இந்தப் பெயருக்காகத் தாபகர்களே பிளவுண்டனர். பலகைகளை உற்பத்தி செய்துவந்த தாபகரின் கம்பனி இத்தாலியில் அப்பெயரைப் பதிவு செய்திருந்தமையால், 2015 இல் ஏனையோர் ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே ‘ஜெனுயினோ’ என்னும் பெயரில் விற்க நேர்ந்தது. 2016 இலேயே பிணக்குத் தீர்ந்தது. 2025 ஒக்டோபரில் குவால்கொம் என்னும் அமெரிக்கச் சில்லுக் கம்பனி ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. பொதுவுடைமை எனப் போற்றப்பட்டதொன்று எவ்வாறு விற்பனைக்கு வரும் என வியப்பவர்கள், விற்கத்தக்கதாக எஞ்சியிருந்தவற்றுள் அப்பெயரும் ஒன்று என்பதைக் கவனிக்கவில்லை. முன்னர் உரிமம் வழங்கப்பட்ட ஊனோவின் வரைபடத்தை எந்தக் கம்பனியாலும் திரும்பப் பெற முடியாது.

மலிவையும் திறப்பையும் ஒன்றாக எண்ணும் மயக்கமும் களையப்பட வேண்டும். 2012 இல் 35 டொலருக்கு வெளியான றாஸ்பெரி பை முழுக் கணினி, லினக்ஸில் இயங்குவது. ஆயினும் ஆர்டுயினோவைப் போன்று பிரதி செய்யத்தக்க முழு வடிவமைப்புகள் அதற்கு வெளியிடப்படவில்லை. புறோட்கொம் கம்பனியின் சில்லும் எவரும் கடையில் தனித்து வாங்கக்கூடியதன்று. அதன் வணிகப் பிரிவு 2024 இல் இலண்டன் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டது. நல்ல பொருள்தான், ஆனால் திறந்த வன்பொருள் என அதனை அழைப்பது சொல்லை விரயமாக்குவதாகும்.

மலிவு என்பதும் யாருக்கு என்ற கேள்வியுடன் வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வரியும் அனுப்புசெலவும் சேராமலே 35 டொலர்ப் பலகை 7,000 ரூபாவிலிருந்து 12,600 ரூபாவாயிற்று. கேம்பிறிட்ஜில் அதன் விலையை எவரும் கூட்டியதனால் நேர்ந்ததன்று அது. இத்தகைய நிலையில் இங்குள்ள மாணவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஊனோவின் சீனப் பிரதியே. மூலப் பலகையிலுள்ள யு.எஸ்.பி. சில்லுக்குப் பதிலாக மலிவான வேறொன்று அதில் இருக்கும். சில கணினிகளில் அதற்கெனத் தனி மென்பொருளை நிறுவ வேண்டிவரும். மற்றபடி அதே வரைபடம், அதே ‘செற்அப்’, அதே ‘லூப்’. இதனைத் தரக்குறைவாகப் பேசுவோர், பிரதி செய்க என உரிமமே கூறியிருப்பதை மறந்துவிடுகின்றனர்.