துர்க்கைமின் அடிக்குறிப்பும் வடபுலத்தின் கடன்சுமையும்

எமில் துர்க்கைம் 1897 இல் வெளியிட்ட 'தற்கொலை' என்னும் நூல், தனியாளின் மனப் பலவீனமெனக் கருதப்பட்ட ஒன்றைச் சமூக நிகழ்வாக நிறுவியது. சமூகப் பிணைப்புத் தளருங்கால் தற்கொலை பெருகும்; போர் போன்ற பொதுநெருக்கடியிற் பிணைப்பு இறுகுவதால் அது குறையும் என்பது அவர்தம் முடிபு. போர்க்கால யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்தமையைத் தயா சோமசுந்தரம் முதலியோரின் 1995 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியமை இம்முடிபுக்கு அரணாகும்.

பொது இழப்பு மக்களைப் பிணைக்கும் என்பதற்கு மன்னார்க் கரையோர முள்ளிக்குளமும் சான்றாகும். 2007 இல் வெளியேற்றப்பட்ட அவ்வூரவர், தம் நிலம் கடற்படைத் தளமாகிவிட, மலங்காட்டிலும் காயாக்குழியிலும் வாழ்ந்தனர். 2017 இல் ஊராகத் திரண்டு போராடி, நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்படுமென்ற உறுதிமொழியைப் பெற்றனர்.

கடன் அத்தன்மைத்தன்று. 2009 இன் பின் வடக்கிற் பரவிய நுண்கடன், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தியின் தவணைக்கு மற்றையோரைப் பிணைநிறுத்தியது. புறத்தே இதுவும் ஒன்றிணைவே. ஆயின், தவணை தவறிய நாளில் அயலவளே கடன் கேட்பவளாகின்றாள். ஆறுதல் தேடிச் செல்லவேண்டிய வாசலே நாணி ஒதுங்கும் வாசலாகின்றது. கடன்பட்ட பெண்களின் தற்கொலைகள் பொதுவிவாதமாயின. 2018 இல், வறட்சியுற்ற மாவட்டப் பெண்களின் நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

இங்கேதான் துர்க்கைமின் குறை புலனாகின்றது. அளவிறந்த கட்டுப்பாட்டால் நேரும் தற்கொலையை அவர் அடிமைகளை உதாரணங்காட்டி, தம் காலத்துக்கு முக்கியமற்றதென ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கினார். வறுமை தற்கொலையினின்று காக்கும் என்றும் கருதினார். வறுமையைக் கடனாக மாற்றி வாரந்தோறும் வாசலுக்கு வரும் முறைமையை அவர் கணக்கிற்கொள்ளவில்லை. அடிக்குறிப்பிற்குரியதென அவர் எண்ணியது வடபுலத்திலே தலைப்பாகிவிட்டது.

தற்கொலைக்குரிய சாதனங்களின் கிடைப்பை அவர் முதன்மைப்படுத்தாமையும் குறையே. இலங்கையின் தற்கொலை வீதம் 1995 அளவில் இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை எட்டியது. கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பெரிதும் வீழ்ந்தது. சட்டத்தால் உயிர்கள் காக்கப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே, பிணைப்பு உண்டா இல்லையா என்பது மட்டும் வினாவன்று. அப்பிணைப்பு மனிதரைத் தாங்குகின்றதா, நெருக்குகின்றதா என்பதே வினா. நஞ்சைக் கட்டுப்படுத்திய சட்டம் கடனையும் கட்டுப்படுத்தல் வேண்டும்.