ரைடர்ஸ் டு தி சீ: பரணில் மறைத்த மூட்டை

‘ரைடர்ஸ் டு தி சீ’ (குதிரையேறிக் கடலுக்குச் செல்வோர்) அயர்லாந்து நாடக ஆசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் (1871–1909) எழுதிய ஓரங்க நாடகம். 1904 பிப்ரவரி 25 அன்று டப்ளினில் முதன்முதலாக மேடையேறியது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவில், ஏழைக் குடும்பம் ஒன்றின் சமையலறையிலேயே நாடகம் முழுவதும் நடக்கிறது. படித்து முடிக்க அரை மணி நேரம் போதும்.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இந்நாடகம் பெரும்பாலும் ‘மனிதனுக்கும் விதிக்கும் நடக்கும் போராட்டம்’ என்ற ஒரே வரியில் சொல்லித் தரப்படுகிறது. அது தவறில்லை. ஆனால் கடல் மேடைக்கு வருவதே இல்லை. மேடையில் நாம் காண்பது, ஒரு வீட்டுக்குள் மூன்று பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எதை மறைக்கிறார்கள், எதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்பதைத்தான்.

கதை

கிழவி மோர்யா தன் கணவனையும் மாமனாரையும் நான்கு மகன்களையும் கடலுக்குக் கொடுத்தவள். ஐந்தாவது மகன் மைக்கேல் கடலுக்குப் போய் ஒன்பது நாளாகிறது, உடல் கிடைக்கவில்லை. கடைசி மகன் பார்ட்லி குதிரைகளை விற்பதற்காக அன்றே கடல் கடந்து சந்தைக்குப் போக நிற்கிறான். வடக்கே டோனகல் கரையில் ஒதுங்கிய ஒரு சடலத்தின் சட்டைத் துண்டும் ஒற்றைக் காலுறையும் அடங்கிய சிறு மூட்டையை, இளம் பாதிரியார் இளைய மகள் நோராவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மைக்கேலுடையவை என்றால் அவனுக்கு நல்லடக்கம் நடந்துவிட்டது என்று தாயிடம் சொல்லலாம்; இல்லையென்றால் யாரும் வாய் திறக்க வேண்டாம், அழுதே செத்துவிடுவாள் என்பது அவர் சொல்லியனுப்பியது. மூட்டையைப் பிரிக்கும் முன்பே தாய் எழுந்து வரும் சத்தம் கேட்கிறது. மூத்தவள் கேத்லீன் அதை அடுப்பெரிக்கும் பீட் கட்டிகள் அடுக்கிய பரணில் ஒளித்து வைக்கிறாள்.

மூட்டையின் கீழே நடக்கும் வாக்குவாதம்

நாடகத்தின் உயிர் அடுத்து வரும் சில நிமிடங்களில் இருக்கிறது. பார்ட்லி குதிரைக்குக் கடிவாளம் முடைய வீட்டிலிருக்கும் புதுக் கயிற்றைக் கேட்கிறான். தாய் தடுக்கிறாள். நாளையே மைக்கேல் கரை ஒதுங்கினால் சவப்பெட்டியைக் குழியில் இறக்க அந்தக் கயிறு வேண்டும் என்கிறாள். பெட்டிக்கென்று பெருவிலை கொடுத்து வாங்கிய வெள்ளைப் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. நீயும் போய்விட்டால் பெட்டி செய்ய ஆண் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள்.

அவளுடைய வாதம் அனைத்தும் மைக்கேலின் உடல் இன்னும் வரவில்லை என்ற ஒன்றன்மேல் நிற்கிறது. அதற்கு விடையாக இருக்கக்கூடிய மூட்டையோ தலைக்கு மேலே பரணில் இருக்கிறது. பெண்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பார்ட்லியிடம்கூடச் சொல்வதில்லை. அன்பினால் மறைத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் தாய் ஒரு மகனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, வெறும் பலகைக்கும் கயிற்றுக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கோபத்திலும் பயத்திலும் புறப்படும் மகனுக்கு அவள் வாழ்த்துச் சொல்வதில்லை. பெண்களும் அவனுக்கு ரொட்டி கொடுத்தனுப்ப மறந்துபோகிறார்கள்.

ரொட்டியைச் சாக்காக வைத்துத் தாயைச் சுனைக்கு அனுப்பிவிட்டு மூட்டையைப் பிரிக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மைக்கேலின் சட்டையைத் தேடினால் அது கொக்கியில் இல்லை. தன் சட்டை உப்பேறிக் கனத்துவிட்டதால் பார்ட்லி அதை அணிந்து போயிருக்கிறான். இறந்தவனை அடையாளம் காட்ட வேண்டிய துணி, இறக்கப் போகிறவனின் முதுகில் போகிறது. சிங் இதற்கு எந்த விளக்கமும் தரவில்லை. ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்.

கடைசியில் காலுறைதான் பேசுகிறது. நோரா தானே பின்னியது. 60 கண்ணி போட்டு அதில் நான்கை விட்டது அவள் கைக்கு நினைவிருக்கிறது. (அரன் தீவுக் கம்பளிச் சட்டைகளில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, மூழ்கியவரை அதை வைத்தே அடையாளம் காண்பர் என்ற கதை இன்றும் உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. நாடகத்தில் வருவது குலச் சின்னம் அன்று, ஒரு தங்கையின் கைப்பிழை. அதனால்தான் அது நெஞ்சைத் தைக்கிறது.)

உண்மை தெரிந்தபின் சொல்லலாம் என்பது பாதிரியாரின் அனுமதி. பெண்கள் அப்போதும் சொல்வதில்லை. பார்ட்லி கடலில் இருக்கும் வரை வேண்டாம் என்று துணிகளை மறுபடி மறைக்கிறார்கள். தாய் ரொட்டியோடு அப்படியே திரும்பி வருகிறாள். வாழ்த்த முயன்றாள், சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பார்ட்லிக்குப் பின்னால் வந்த சாம்பல் நிறக் குதிரையில் மைக்கேலைக் கண்டதாகச் சொல்கிறாள். அது மைக்கேலாக இருக்க முடியாது, அவன் உடல் வடக்கே கிடைத்துவிட்டது என்று கேத்லீன் அப்போதுதான் உடைக்கிறாள். ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, தாயின் சொல்லை மறுக்கும் வாதமாக வெளியே வருகிறது. சற்று நேரத்தில் பார்ட்லியின் உடலைத் தூக்கி வருகிறார்கள். சாம்பல் நிறக் குதிரைதான் அவனைக் கடலில் தள்ளியிருக்கிறது.

சிங் கேட்டவை

சிங் 1898 முதல் 1902 வரை ஐந்து முறை அரன் தீவுகளுக்குச் சென்று தங்கினார். 1907-இல் வெளிவந்த ‘தி அரன் ஐலண்ட்ஸ்’ நூலில் நாடகத்தின் விதைகள் இருக்கின்றன. டோனகலில் ஒதுங்கிய ஒருவர் யார் என்று தீவு மக்கள் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்ததும், இறந்தவரின் சகோதரி அவருடைய உடையையும் பணப்பையையும் நினைவிலிருந்து அடுக்கிப் பார்த்ததும் அதில் பதிவாகியுள்ளன. மூழ்கி இறந்த மகன் குதிரைமேல் வருவதைக் கண்ட ஒரு கிழவியின் கதையும் உண்டு. அவள் கண்டதை யாரிடமும் சொல்லவில்லை. குதிரையைப் பிடித்தவன் அன்று மூழ்கினான். சிங் இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து, சொல்லாமை என்ற நூலால் கட்டியிருக்கிறார்.

குறை

பார்ட்லி போவதும் இறப்பதும் பிணமாக வருவதும் சில நிமிடங்களில் முடிகின்றன. படிக்கும்போது இந்த அவசரம் உறுத்தத்தான் செய்கிறது. மோர்யா பழைய சாவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புதிய சாவு வாசலில் வருவதால், மேடையில் இது அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு குறை பெரிது. மூட்டையை ஒளித்த கேத்லீனுக்கு அதைப் பற்றி ஒரு சொல்லும் கடைசியில் இல்லை. முடிவு முழுவதும் தாய்க்கே போய்விடுகிறது.

தாய் ஒப்பாரி வைக்காமல் அமைதியாக இருப்பதைப் பார்த்து, மைக்கேல் மேல்தான் பிரியம் அதிகமோ என்று நோரா தாழ்ந்த குரலில் கேட்கிறாள். வயதானவள், அழுது களைத்துவிட்டாள் என்கிறாள் கேத்லீன். இருவருமே தாயைப் படிக்கத் தவறுகிறார்கள். அதற்குள் மோர்யா, ஒளித்து வைத்திருந்த மைக்கேலின் துணிகளைப் பார்ட்லியின் காலருகே பரப்பிப் புனித நீரைத் தெளித்துவிட்டாள். மைக்கேலுக்காக வாங்கிய பலகைகளில் பார்ட்லிக்குப் பெட்டி செய்யச் சொல்கிறார்கள். ஆணி வாங்க மறந்துவிட்டது அப்போதுதான் தெரிகிறது.